புளியங்கொட்டைத் தூள்

புளியங்கொட்டைத் தூள் என்பது புளிய மரத்தின் விதைப் பருப்பை அரைத்துப் பெறும் தொழில் மூலப்பொருள். நூலுக்குக் கஞ்சியாகவும் ஒட்டுப்பசையாகவும் நெடுங்காலம் பயன்பட்டுவந்த இது, பெட்ரோலிய நெகிழிக்கு மாற்றான தாவரப் பொருள்களைத் தேடும் ஆய்விலும் இன்று இடம்பெற்றுள்ளது.

கிடைக்கும் இடம்: உலகில் புளி மிகுதியாக விளையும் நாடு இந்தியா. தமிழ்நாட்டில், கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டம் புளிக்குப் பெயர்பெற்றது. அஞ்செட்டி மலைப்பகுதியில் உள்ள உரிகத்தின் நாட்டு ரகம், நீண்ட காய்களுக்காக ஊர்ப் பெயராலேயே அறியப்படுகிறது. தை முதல் சித்திரை வரை காய்கள் உலுக்கப்படுகின்றன. ஓடு, நார், கொட்டை ஆகியவற்றை நீக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தே செய்கின்றனர். காயின் எடையில் சதை ஏறத்தாழ 55%, கொட்டை 34%, ஓடும் நாரும் 11%. இதனால் புளி வணிகம் நடக்கும் இடங்களில் கொட்டை தானாகவே குவிகிறது.

பழைய பயன்கள்: தக்காணத்தில் கம்பளி நெய்யும் குறும்பர்கள், பாவு நூல் அறாமலிருக்கப் புளியங்கொட்டைக் கஞ்சியைப் பூசினர். ஒடிசாவின் பட்டச்சித்திர ஓவியர்கள் துணியை ஓவியத்துக்குப் பதப்படுத்த இதன் பசையைப் பயன்படுத்துகின்றனர். கொண்டபள்ளி பொம்மைகளின் உறுப்புகளை ஒட்டுவதற்கும் இப்பசையே உதவுகிறது.

ஆய்வின் தொடக்கம்: டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் கோஷும் கிருஷ்ணாவும் 1942இல், சர்க்கரை சேர்த்தால் கூழாக உறையும் பொருள் புளியங்கொட்டையில் உள்ளதை விளக்கி, அதைப் பெக்டின் வகையாகக் கருதினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவு மாவுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், துணி ஆலைகளில் மாவுக்கஞ்சிக்கு மாற்றாக இத்தூள் வரவேற்பு பெற்றது. பெக்டினுக்குரிய அமிலக்கூறு இதில் இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று.

அமைப்பு: பருப்பில் பாதிக்கு மேற்பட்டது சைலோகுளுக்கான் என்னும் பல்சர்க்கரை. எஞ்சியவற்றுள் புரதமும் எண்ணெயும் முக்கியமானவை. சைலோகுளுக்கானின் நடுச்சங்கிலி செல்லுலோஸைப் போலவே குளுக்கோஸால் ஆனது. அதில் சைலோஸும் கேலக்டோஸும் கிளைகளாக அமைந்துள்ளன. பருத்தி, சணல் இழைகளை இக்கஞ்சி இறுகப் பற்றுவதற்கு இந்த ஒற்றுமையே காரணம். 1973இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஆல்பர்ஷைமுடன் பணியாற்றிய இளம் ஆய்வாளர்கள், தாவரச் செல்சுவரிலும் சைலோகுளுக்கான் செல்லுலோஸுடன் பிணைந்திருப்பதைக் காட்டினர்.

தயாரிப்பு: கொட்டையை வறுத்து மேல்தோலைப் பிரித்தபின் பருப்பைத் தூளாக்குகின்றனர். டானின் நிறைந்த தோல், தோல் பதனிடவும் சாயமிடவும் பயன்படும். தூய பல்சர்க்கரை வேண்டுமெனில், தூளை நீரில் கொதிக்கவைத்து, கரையாதவற்றைப் படியவிட்டு, தெளிந்த கரைசலில் ஆல்கஹால் சேர்த்து வீழ்படிவாக்குகின்றனர்.

புதிய பயன்கள்: ஜப்பானில் இப்பல்சர்க்கரை குழம்புச் சாறு, ஐஸ்கிரீம் முதலியவற்றைக் கெட்டிப்படுத்தும் உணவுச் சேர்பொருள். கண்ணின் ஈரப்படலத்துடன் ஒட்டும் தன்மையுள்ளதால் கண் உலர்வுக்கான சொட்டுமருந்துகளிலும் சேர்கிறது. கேலக்டோஸின் ஒரு பகுதியை நொதியால் நீக்கினால், உடல் வெப்பத்தில் கரைசல் கூழாகும். மருந்தை மெல்ல வெளியிடும் முறைகளுக்கு இப்பண்பு ஆராயப்பட்டுள்ளது.

ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் அரச தொழில்நுட்பக் கழகத்தில் ஹாரி புரூமர், டூலா டீரி முதலியோர், சைலோகுளுக்கானைக் கொண்டு செல்லுலோஸ் இழைப்பரப்பில் வேண்டிய வேதித்தொகுதிகளைப் பொருத்தும் வழியை 2004இல் வெளியிட்டனர். அங்கேயே லார்ஸ் பெர்க்லுண்டின் குழுவில் முனைவர் பட்ட ஆய்வு செய்த ஜோபி ஜோஸ் கொச்சுமலயில், புளியங்கொட்டைச் சைலோகுளுக்கான் வெப்பம் தாங்கும் வலுவான படலங்களைத் தரும் என்று 2010இல் சக ஆய்வாளர்களுடன் காட்டினார். ஆக்ஸிஜனைத் தடுப்பதால் இவை உணவுப் பொதிவுக்கு ஏற்றவை. ஈரப்பதத்தில் இத்திறன் குறைவதே முதன்மைத் தடை.

மதிப்பீடு: தாவர நெகிழிக்காக மக்காச்சோளம், கரும்பு போன்ற பயிர்களைத் திருப்பினால் உணவுக்கும் நிலத்துக்கும் போட்டி எழும். புளிக்காகவே வளர்க்கப்படும் மரத்தின் எச்சமாதலால், கொட்டைக்கெனத் தனி நிலமோ நீரோ வேண்டியதில்லை. ஆயினும் பொதிவுப் படலங்கள் இன்னும் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தவையே; தூளின் முதன்மை நுகர்வோர் இன்றும் துணி, சணல் ஆலைகளே.