காலக்கணக்கு எங்கே தொடங்குகிறது? திருவண்ணாமலையும் செரிமான மண்டல நியூரோஎண்டோகிரைன் கட்டிகளும்

செரிமான மண்டல நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கு நடைமுறையில் எந்தச் சிகிச்சை எந்த வரிசையில் கிடைக்கிறது, நோயாளி எவ்வளவு காலம் வாழ்கிறார் என்று பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் உயர்சிகிச்சை மையங்களின் பதிவேடுகளிலிருந்தே எழுதப்படுகின்றன. திருவண்ணாமலை போன்ற மாவட்டத்து நோயாளியின் நிலையை அவற்றைக்கொண்டு கணிக்க முடியாது. காலக்கணக்கு மாவட்டத்தில் எடுத்த முதல் பயாப்சியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

1907இல் நோய்க்குறியியலாளர் ஓபர்ன்டார்ஃபர் கார்சினாய்டு என்று பெயரிட்ட இவ்வகைக் கட்டிகள், எல்லா உறுப்புகளையும் சேர்த்து, அமெரிக்காவில் 1973இல் லட்சம் பேருக்கு 1.09 ஆகவும் 2012இல் 6.98 ஆகவும் பதிவாயின. எண்டோஸ்கோப்பியும் ஸ்கேனும் பெருகியது இந்த ஏற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம். நம்மிடத்தில் வயிற்றுவலியோடும் பேதியோடும் வருபவருக்குச் சிறுகுடலின் கடைப்பகுதி தடித்திருந்தால் மருத்துவர் முதலில் காசநோயை நினைப்பார். காசநோய்தான் அதிகம் என்பதால் அது நியாயமே. ஆனால் சதை எடுத்துப் பார்க்காமல் மருந்தைத் தொடங்கினால் மாதக்கணக்கு போய்விடும். முகம் சிவத்தல் என்ற பாடநூல் அறிகுறியும் கறுத்த தோலில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது.

வழிகாட்டு நெறிகள் சார்ந்திருக்கும் சோதனைகளையும் பார்ப்போம். 2009இல் வெளியான ப்ரோமிட், ஆக்ட்ரியோடைட் ஊசி நோய் முற்றுவதை 6 மாதத்திலிருந்து 14.3 மாதத்துக்குத் தள்ளிப்போட்டதாகக் காட்டியது. 2017இல் வெளியான நெட்டர்-1இல், லுட்டீசியம்-177 டோட்டாடேட் என்ற கதிரியக்க மருந்தைப் பெற்றவர்களில் 65.2 விழுக்காட்டினர் 20 மாதம் நோய் முற்றாமல் இருந்தனர். ஒப்பீட்டுக் குழுவில் அது 10.8 விழுக்காடு. இரண்டும் நடுக்குடல் கட்டிகளை ஆராய்ந்தவை. இந்திய மருத்துவமனைத் தொகுப்புகளிலோ இரைப்பை, முன்சிறுகுடல், கணையக் கட்டிகளுக்கே பெரும் பங்கு. எண்களை அப்படியே இங்கு பொருத்துவது சரியாகாது.

தூரம் இதைவிடப் பெரிய தடை. கட்டியைத் துல்லியமாகக் காட்டும் பெட் ஸ்கேனுக்கான காலியம்-68இன் அரைவாழ்வு 68 நிமிடம். ஆக, மருந்து நோயாளியைத் தேடி வராது. நோயாளிதான் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியுள்ள வேலூர் சிஎம்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். லுட்டீசியத்தின் அரைவாழ்வு ஆறரை நாளுக்குச் சற்று மேல். மும்பையின் டிராம்பேயில் தயாராகி இங்கு வரை பயணப்படும் அதைச் செலுத்தவும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு கொண்ட அறை வேண்டும். நெட்டர்-1 முறைப்படி எட்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு தவணை. ஒவ்வொரு தவணைக்கும் கூலி இழப்பு, துணைக்கு ஓர் ஆள், தங்குமிடச் செலவு.

பதிவேட்டு ஆய்வுகளின் மிகப் பெரிய பிழை இங்கேதான் நுழைகிறது. நான்கு தவணையும் முடித்தவர், ஒன்றோடு நின்றவர் என்று பிரித்து ஆயுளை ஒப்பிடுகிறார்கள். நான்காவது தவணைக்கு வந்தவர் 24 வாரமாவது உயிரோடிருந்தவர். இடையில் இறந்தவர் ‘சிகிச்சையை முடிக்காதவர்’ பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். உயிரோடிருந்ததன் பயன் மருந்தின் கணக்கில் ஏறுகிறது. சிகிச்சையைக் காலத்தோடு மாறும் காரணியாகக் கொண்டு கணக்கிட்டால் இதைத் தவிர்க்கலாம். வேலூர் வரை போகாமலே இறந்தவரை எந்தக் கணிதமும் மீட்டுத் தராது. அவர் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை. வராமல் நின்றவரின் விலகலைத் தற்செயலானதாகக் கொள்ளும் வழக்கமும் தவறு. நோய் முற்றியவரும் கையில் காசில்லாதவரும்தானே முதலில் நிற்கிறார்கள்?

முதல் பயாப்சியிலிருந்தே காலத்தை எண்ணுவதற்கு, 2012இல் தொடங்கிய தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் நல்ல அடித்தளம். அதன் பதிவில், கட்டியின் செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 விழுக்காடு கட்டாயமாக இடம்பெற வேண்டும். அது 2 ஆக இருப்பவரும் 40 ஆக இருப்பவரும் ஒரே பெயரின் கீழ் எண்ணப்பட்டால் பகுப்பாய்வுக்கே பொருளில்லை. தவறிய ஊசியின் தேதியும் தவறிய காரணமும் பதிவாக வேண்டும். நீண்ட நாள் செயல்படும் ஆக்ட்ரியோடைட் ஊசி 28 நாளுக்கு ஒருமுறை போடுவது. அதை உயர்சிகிச்சை மையத்தின் ஆலோசனைப்படி உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே போடலாம். கிரிவலக் கூட்டத்தால் பேருந்துகள் நிரம்பி வழியும் பௌர்ணமி நாளில் நோயாளியை வேலூருக்கு வரச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மாவட்டத்தில் நோயாளிகள் மிகச் சிலரே, புள்ளியியலுக்குப் போதாது என்று ஆட்சேபம் எழலாம். 2011 கணக்கெடுப்பில் 24.6 லட்சம் பேர் வாழ்ந்த இம்மாவட்டத்தில் 2012 அமெரிக்க வீதத்தின்படி, எல்லா உறுப்புகளின் கட்டிகளையும் சேர்த்தாலும் ஆண்டுக்குச் சுமார் 170 பேர்தான். செரிமான மண்டலக் கட்டிகளை மட்டும் எண்ணினால், அதுவும் இளையவர் மிகுந்த நம் மக்கள்தொகையில், இன்னும் குறையும். எனவே திருவண்ணாமலையோடு வேலூர், விழுப்புரம், தருமபுரி மாவட்டங்களின் பயாப்சி அறிக்கைகளையும் இறப்புப் பதிவுகளையும் ஒரே வடிவத்தில் தொகுக்க வேண்டும். உயர்சிகிச்சை மையங்களின் பதிவேடு அதன் ஒரு பகுதியாக அமையட்டும்.