குவாண்டம் கணினிக்குக் காவல் எப்படி?

உங்கள் போனில் எல்லாமே 0 அல்லது 1தான். குவாண்டம் கணினியின் க்யூபிட்டோ இரண்டும் கலந்த நிலையில் இருக்கும். லேசான வெப்பம் பட்டாலே அந்த நிலை கலைந்து, கணக்கே தப்பாகிடும். நகல் எடுத்து வைக்கலாமா? இயற்பியல் விதி அனுமதிக்காது.

கோட்டயத்தில் பிறந்த இ.சி.ஜி. சுதர்சன், 1977இல் பைத்யநாத் மிஸ்ராவுடன் சேர்ந்து சொன்ன கருத்து இங்கே உதவுகிறது. ஒரு குவாண்டம் நிலையை விடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது மாறாது. இதுதான் 'குவாண்டம் ஜீனோ விளைவு'. 1990இல் அமெரிக்காவில் பெரிலியம் அயனிகளில் இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

ஆனால் க்யூபிட்டை நேரடியாக அளந்தால் தகவலே அழிஞ்சிடும். அதனால் தகவலைப் பல க்யூபிட்களில் பரப்பி வைத்து, 'பிழை வந்ததா?' என்று மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். தகவல் என்னவென்று அப்போது யாரும் கேட்பதில்லை.