குறைதிறன் வால்வு மிகைப்பிக்கு ஒலிபெருக்கி தெரிவுசெய்தல்

குறைதிறன் வால்வு மிகைப்பிக்கு ஒலிபெருக்கி தெரிவுசெய்தல் என்பது, சில வாட் திறனை மட்டுமே வெளியிடும் வெற்றிடக் குழல் (வால்வு) மிகைப்பிக்கு ஏற்ற உணர்திறனும் மின்மறுப்பும் கொண்ட ஒலிபெருக்கியைப் பொருத்தும் முறையாகும். மிகைப்பி பேச்சு வழக்கில் ஆம்பிளிபயர் என்றும், ஒலிபெருக்கி ஸ்பீக்கர் என்றும் அழைக்கப்படுகின்றன. ஒலியின் உரப்பை மிகைப்பியின் வாட் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை; ஒலிபெருக்கியின் உணர்திறனும் கேட்பவரின் தூரமும் அதே அளவுக்கு முக்கியமானவை.

பின்னணி

முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931 இல் வெளிவந்தது. அக்காலத் திரையரங்க மிகைப்பிகள் அனைத்தும் வால்வுகளால் இயங்கியவை. உயர் திறனைப் பெறுவது கடினமாகவும் செலவு மிக்கதாகவும் இருந்ததால், குறைந்த திறனிலிருந்து மிகுந்த ஒலியைப் பெறக் கூம்பு ஒலிபெருக்கிகள் பயன்பட்டன. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 300ஏ, 300பி வால்வுகள் 1930களில் உருவானவை. 300பி வால்வு ஒன்று ஒற்றைமுனைச் சுற்றில் ஏறத்தாழ 8 வாட் மட்டுமே தரும்.

தமிழகச் சிற்றூர்களில் திருமணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ்வார்த்தல், அரசியல் கூட்டம் ஆகியவற்றுக்கு அமர்த்தப்பட்ட "மைக்செட்" நிலையங்களும் இதே முறையைப் பின்பற்றின. சவுக்குக் கம்பத்திலோ தென்னை மரத்திலோ கட்டப்பட்ட கூம்பு ஒலிபெருக்கி "குழாய்" எனப்பட்டது. மின்வசதி இல்லாத ஊர்களில் மிகைப்பியை மின்கலத்தில் இயக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு வாட்டும் சிக்கனமாகப் பயன்படுத்தப்பட்டது. கூடாரத் திரையரங்குகள் காட்சி தொடங்குமுன் குழாயில் பாட்டு ஒலிபரப்பி ஊராருக்கு அறிவித்தன. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களில் வால்வுகளை உற்பத்தி செய்தது. பின்னர் திரிதடையங்கள் (டிரான்சிஸ்டர்) படிப்படியாக அவற்றின் இடத்தைப் பிடித்தன. இன்று வால்வு மிகைப்பிகளைப் பெரும்பாலும் இசை ஆர்வலர்களே பயன்படுத்துகின்றனர்.

உணர்திறன்

ஒலிபெருக்கிக்கு 1 வாட் திறன் அளித்து, 1 மீட்டர் தூரத்தில் அளக்கப்படும் ஒலியழுத்த மட்டமே அதன் உணர்திறன் ஆகும். இது டெசிபெல் அலகில் குறிக்கப்படும். டெசிபெல் மடக்கை அளவீடு ஆதலால், திறன் இரு மடங்கானால் மட்டம் 3 டெசிபெல் மட்டுமே உயரும். பத்து மடங்கானால் 10 டெசிபெல் உயரும்.

8 வாட் மிகைப்பியால் 1 மீட்டர் தூரத்தில் கிடைக்கும் உச்ச மட்டம் பின்வருமாறு:

- உணர்திறன் 86 டெசிபெல் (சிறிய பெட்டி ஒலிபெருக்கி): 95 டெசிபெல்
- உணர்திறன் 92 டெசிபெல்: 101 டெசிபெல்
- உணர்திறன் 98 டெசிபெல் (பெரிய அகல்வீச்சு ஒலிபெருக்கி): 107 டெசிபெல்
- உணர்திறன் 108 டெசிபெல் (கூம்பு ஒலிபெருக்கி): 117 டெசிபெல்

98 டெசிபெல் ஒலிபெருக்கியுடன் 8 வாட் மிகைப்பி தரும் ஒலியை, 86 டெசிபெல் ஒலிபெருக்கியில் பெற ஏறத்தாழ 128 வாட் தேவைப்படும்.

சில உற்பத்தியாளர்கள் உணர்திறனை 2.83 வோல்ட் மின்னழுத்தத்தில் குறிப்பிடுகின்றனர். இது 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 1 வாட். 4 ஓம் ஒலிபெருக்கிக்கோ 2 வாட். எனவே 4 ஓம் ஒலிபெருக்கியின் குறிப்பிலிருந்து 3 டெசிபெல் கழித்தே ஒப்பிட வேண்டும்.

தூரமும் இசையின் உச்சங்களும்

திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகும்போது ஒலி மட்டம் 6 டெசிபெல் குறைகிறது. அறைக்குள் சுவர்கள் ஒலியைத் தெறிப்பதால் இழப்பு இதைவிடக் குறைவு.

இசையின் சராசரி மட்டத்தைவிட அதன் உச்சங்கள் பல டெசிபெல் மேலே எழுகின்றன. எடுத்துக்காட்டாக, 3 மீட்டர் தூரத்தில் ஒரு கச்சேரி சராசரியாக 80 டெசிபெலில் கேட்கிறது எனவும், மிருதங்கத்தின் வலுவான அடி அதைவிட 15 டெசிபெல் உயர்கிறது எனவும் கொள்வோம். அந்த இடத்தில் 95 டெசிபெல் தேவை. 86 டெசிபெல் ஒலிபெருக்கி 8 வாட்டில் அங்கு ஏறத்தாழ 86 டெசிபெல் மட்டுமே தரும். உச்சங்கள் வெட்டுப்பட்டு ஒலி சிதையும். 96 டெசிபெல் ஒலிபெருக்கி அதே மிகைப்பியுடன் இத்தேவையை நிறைவு செய்யும்.

மின்மறுப்புப் பொருத்தம்

வால்வு உயர் மின்னழுத்தத்திலும் குறைந்த மின்னோட்டத்திலும் இயங்குவதால், அதற்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் வெளியீட்டு மின்மாற்றி தேவைப்படுகிறது. 5,000 ஓம் சுமை வேண்டும் வால்வை 8 ஓம் ஒலிபெருக்கியுடன் இணைக்க, மின்மாற்றியின் சுற்று விகிதம் 25:1 ஆக இருக்க வேண்டும். மின்மறுப்பு விகிதம் சுற்று விகிதத்தின் இருமடி (625:1) ஆகும். ஆகவே 8 ஓம் ஒலிபெருக்கியை மிகைப்பியின் 8 ஓம் முனையிலேயே இணைக்க வேண்டும்.

பின்னூட்டம் இல்லாத வால்வு மிகைப்பியின் வெளியீட்டு மின்மறுப்பு சில ஓம் வரை இருக்கும். ஒலிபெருக்கியின் மின்மறுப்பு அலைவெண்ணுக்கேற்ப மிகுதியாக மாறினால், ஒலி மட்டமும் அதற்கேற்ப மாறும். தாழ்சுருதி கட்டுப்பாடின்றி ஒலிக்கும். எனவே மின்மறுப்பு ஓரளவு சீராக உள்ள, எளிய பிரிப்புச் சுற்று கொண்ட ஒலிபெருக்கியே ஏற்றது.

பல குழாய்களை நீண்ட கம்பியில் இணைக்கும் மைக்செட்களில் 100 வோல்ட் இணைப்பு முறை பயன்படுகிறது. இதில் எல்லாக் குழாய்களும் ஏற்கும் வாட்டின் கூட்டுத்தொகை மிகைப்பியின் திறனை மிஞ்சக் கூடாது.

கூம்பின் செயற்பாடு

சிறிய அதிர்தகடு காற்றை எளிதில் பற்றிக்கொள்வதில்லை. பெரும்பகுதித் திறன் வெப்பமாக வீணாகிறது. படிப்படியாக விரியும் கூம்பு, தகட்டைக் காற்றுடன் நன்கு இணைக்கிறது. நாகசுரத்தின் அணசும் விரிந்த வாயால் ஒலி வெளியேற உதவுகிறது. கூம்பு ஒலியை ஒரு திசையில் குவிக்கவும் செய்கிறது. ஆயினும் சிறிய கூம்பு தாழ்சுருதியை வெளியிடாது. பேச்சுக்கு ஏற்றதாயினும் முழுமையான இசைக்குப் போதாது. தாழ்சுருதியையும் கூம்பில் பெற மிகப் பெரிய அமைப்பு தேவை. பால் கிளிப்சு 1940களில் உருவாக்கிய கிளிப்சுஆர்ன், அறையின் மூலைச் சுவர்களையே கூம்பின் தொடர்ச்சியாகப் பயன்படுத்தியது.

ஒலி மாசு விதிகள்

இந்தியாவின் ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல், கட்டுப்பாடு) விதிகள், 2000 எல்லையை வாட்டில் அன்றி டெசிபெலிலேயே வரையறுக்கின்றன. பகல் நேர எல்லை தொழிற்பகுதிக்கு 75, குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபெல். இரவில் முறையே 70, 45 டெசிபெல். திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி போல, தொழிற்பேட்டையும் ஊர்களும் அருகருகே உள்ள இடங்களில் இவ்வேறுபாடு முக்கியமானது. பொது இடத்தில் ஒலிபெருக்கி பயன்படுத்தினால், அவ்விடத்தின் எல்லையில் ஒலி, பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபெல் மேலாகவோ 75 டெசிபெலுக்கு மேலாகவோ (எது குறைவோ அது) போகக் கூடாது.

8 வாட்டும் 108 டெசிபெல் குழாயும் சேர்ந்தால், குழாயின் நேர் திசையில் 32 மீட்டரில் ஏறத்தாழ 87 டெசிபெல், 128 மீட்டரில் 75 டெசிபெல் இருக்கும். "சிறிய ஆம்பிளிபயர்தானே" என்று எண்ணி முழு உரப்பில் வைப்பது, அருகிலுள்ள குழந்தைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோருக்குத் துன்பம் தரும்.

பாதுகாப்பு

- வால்வு மிகைப்பிக்குள் பல நூறு வோல்ட் மின்னழுத்தம் உண்டு. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதோர் திறக்கக் கூடாது.
- ஒலிபெருக்கி இணைக்கப்படாமல் இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி பழுதாகலாம்.
- மிகைப்பியை இயக்கத்தில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கிக் கம்பியை மாற்றக் கூடாது.

இவற்றையும் பார்க்கவும்

- வெற்றிடக் குழல்
- ஒலிபெருக்கி
- டெசிபெல்
- மின்மாற்றி