வெட்டிவேர்த் தட்டியும் டில்லியின் தகரப் பெட்டியும்

1996 ஆம் ஆண்டின் கோடையைப் புதுடில்லியில் ஒரு மொட்டைமாடி அறையில் கழித்தேன். அத்தகைய அறையை அங்கே 'பர்சாத்தி' என்பார்கள். யன்னலுக்கு வெளியே இரும்புத் தாங்கியொன்றின் மேல் பெரிய தகரப் பெட்டி நின்றது. மூன்று பக்கமும் மரச்சீவல் அடைத்த தட்டிகள், அடியில் தண்ணீர்த் தொட்டி, நீரை மேலேற்றித் தட்டிகளை நனைக்க ஒரு சிறிய நீர்ப்பம்பி, நடுவில் விசிறி. அதற்குக் 'கூலர்' என்று பெயர். வீட்டுக்காரரின் வயதான தாயாரை அந்தத் தெருவே 'மாஜி' என்றழைத்தது. அறைச் சாவியைத் தந்த அன்றே அவர் என்னை அந்தப் பெட்டியின் முன் நிறுத்திப் பாடம் எடுத்தார்.

ஏப்ரலில் பழைய சீவலை எறிந்துவிட்டுப் புதியதைக் கட்டவேண்டும். தொட்டியில் படிந்த உப்பைச் சுரண்டி, துருவேறாதிருக்க உட்புறத்தில் தார்ப்பூச்சுப் பூசவேண்டும். மழை பிடித்ததும் பம்பியை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட வேண்டும். குளிர் வருமுன் நீரை வடித்து, காயவைத்து, மூடிக் கட்டவேண்டும். அரைகுறை ஹிந்தியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இந்த ஒழுங்கு மாஜி கண்டுபிடித்ததன்று. அக்பரின் அரசவை வரலாற்றை எழுதிய அபுல் ஃபஸல், மூங்கிற் சட்டங்களில் 'கஸ்' என்னும் வாசனை வேரை அடைத்து நீர் தெளித்துக் கோடையிலும் குளிரை வரவழைத்த செய்தியை அயினி அக்பரியில் பதிந்திருக்கிறார். அந்தக் கஸ் வேறொன்றுமில்லை, நமது வெட்டிவேர்தான். ஆங்கிலேயர் அதற்கு வழங்கும் 'வெட்டிவர்' என்ற பெயர் தமிழிலிருந்து பிரெஞ்சு வழியாகப் போனது. ஆனால், பெயரைக் கொடுத்த தமிழ்க் கடற்கரைகளில் இந்தத் தட்டி அவ்வளவாக வேரூன்றவில்லை. அதற்குக் காரணம் காற்றிலுள்ள ஈரம்.

ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. டில்லியின் மே மாதத்தில் வெப்பம் 43 பாகை செல்சியஸ், சாரீரப்பதன் 15 சதவீதம் என்றால், கோட்பாட்டளவில் காற்றை 23 பாகை வரை குளிர்விக்கலாம். நடைமுறையில் 27 பாகை கிடைத்தாலே சொர்க்கம். கொழும்பில் 31 பாகை, 75 சதவீத ஈரம் எனின், எந்தப் பெட்டியை வைத்தாலும் 4 பாகைகூடக் குறையாது. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் 1930களில் ஆஸ்பென் மரச்சீவலை வைத்து இதே பெட்டியைச் செய்து புகழ்பெற்றார்கள். அங்கும் ஜூலையில் ஈரக்காற்று வந்ததும் அதன் வலிமை குன்றிவிடும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வட இந்திய பங்களாக்களின் மேற்குவாசலில் கஸ் தட்டிகள் தொங்கின. 'லூ' எனப்படும் அனற்காற்று அவற்றினூடே புகுந்து குளிர்ந்து வந்தது. காற்று விழுந்த நாட்களில் தட்டியால் பயனில்லை. ஆகவே 1830களில் 'தெர்மான்டிடோட்' என்ற பொறி புழக்கத்துக்கு வந்தது. நனைந்த தட்டிகள் பொருத்திய பெரிய மரப்பெட்டிக்குள் தூற்றும் விசிறி போன்றதொன்றைக் கையாற் சுழற்றுவார்கள். டில்லிக் கூலரின் பாட்டன் அதுதான். சுழற்றியவர் யார், தோற்பையில் நீர் சுமந்து பகல் முழுவதும் தட்டிக்கு ஊற்றிய பிஷ்தி யார் என்று தேடினால், நான் வாசித்த துரைமாரின் நினைவுக் குறிப்புகளில் ஒரு பெயரும் அகப்படவில்லை. உள்ளேயிருந்தவருக்கு வந்த குளிர்மை வெளியே வெயிலில் நின்றவனின் உழைப்பு.

மின்விசிறியும் பம்பியும் வந்தபின் அந்த வேலை வீட்டாரின் கைக்கு மாறியது. என் விடயத்தில், எனக்கு.

ஆகஸ்டில் அவசரமாகக் கொழும்பு வரவேண்டியிருந்தது. தொட்டியில் அரைவாசி நீர் கிடந்தது, வடிக்கவில்லை. ஒக்டோபரில் திரும்பியபோது நகரமே டெங்குப் பீதியில் உறைந்திருந்தது. அவ்வாண்டு டில்லியில் 10,000க்கும் அதிகமானோர் நோயுற்று, 400க்கும் அதிகமானோர் இறந்தனர். கூலர்த் தொட்டிகள் அந்த நுளம்புக்கு உகந்த தொட்டில்கள் என்பதை நகரம் அறிந்துகொண்ட ஆண்டு அது. மாஜியின் பேரன், ஒன்பது வயதுப் பையன், மருத்துவமனையில் கிடந்தான். பதினொரு நாட்களின் பின் வீடு திரும்பினான்.

அவனைக் கடித்த நுளம்பு என் தொட்டியிற் பிறந்ததா? யாராலும் சொல்ல முடியாது. மாஜியும் சொல்லவில்லை. நான் மேலேறிப் போனபோது தொட்டி கவிழ்ந்து கிடந்தது. அவர் தரையில் குந்தியிருந்து அதன் உட்சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வடித்தால் போதாது பேட்டா, தேய்க்கவேண்டும்" என்றார். ஈடிஸ் நுளம்பின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தும் பல மாதங்கள் உயிரோடிருந்து, அடுத்து நீர் நிரப்பும்போது பொரிக்கும் என்பதைப் பின்னர்தான் வாசித்தறிந்தேன். தூரிகையை வாங்கி மிச்சத்தை நான் தேய்த்தேன்.

சில மாதங்களுக்கு முன், வெள்ளவத்தையில் நண்பரொருவர் புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் கூலரைப் பெருமையுடன் காட்டினார். "குளிரேல்லையே மச்சான்" என்று குறைப்பட்டார். ஈரப்பதன் பற்றி நான் பேசத் தொடங்கியதும், தண்ணீர் விடுவதை எப்போதோ நிறுத்திவிட்டதாகவும் இப்போது வெறும் விசிறியாகவே பாவிப்பதாகவும் சொன்னார். அடித்தட்டை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு அங்குலத்துக்கு நீர் நின்றது. குளியலறைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு, தேய்க்க ஏதாவது இருக்கிறதா என்று இருவருமாகத் தேடினோம்.