இயல்பென்று விட்டுவிட்ட சோர்வு

“இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்.” டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை சோர்ந்து படுத்தாலும், உடல் பருத்தாலும், மலச்சிக்கலால் வருந்தினாலும் நாம் எளிதில் சொல்லிவிடும் சொற்கள் இவை. இச்சொற்களுக்குப் பின்னே ஒரு நீண்ட வரலாறு உண்டு.

1866இல் ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் இக்குழந்தைகளைத் தனியொரு பிரிவினராக விவரித்தார். முகச்சாயலைக் கொண்டு மங்கோலிய இனத்தின் பெயரையே அவர்களுக்குச் சூட்டினார். மங்கோலிய நாட்டின் வேண்டுகோளுக்கு இணங்கி, 1965இல் உலக சுகாதார நிறுவனம் அப்பெயரைக் கைவிட்டது.

இதற்கிடையே 1891இல் ஜார்ஜ் மர்ரே என்னும் மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றால் தைராய்டு குறைபாட்டைக் குணப்படுத்த முடியும் என்று காட்டினார். பிறவியிலேயே அக்குறைபாடு கொண்ட குழந்தைகளும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளும் சில வகைகளில் ஒத்திருந்தனர். எனவே இவர்களுக்கும் அதே மருந்தைப் பல மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்தனர். எதிர்பார்த்த குணம் கிட்டவில்லை.

காரணம் 1959இல் வெளிப்பட்டது. கத்தோலிக்கரான ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்பென் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்கள், இக்குழந்தைகளின் உயிரணுக்களில் 46க்குப் பதிலாக 47 குரோமோசோம்கள் இருப்பதை அறிவித்தனர். கூடுதலாக இருப்பது 21ஆம் குரோமோசோம். அதை எந்த மருந்தும் நீக்காது.

ஆயினும் தைராய்டின் கதை அங்கே முடியவில்லை. மற்றக் குழந்தைகளைவிட இவர்களுக்குத் தைராய்டு குறைபாடு மிக அதிகமாக வருகிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. சிலருக்குப் பிறவியிலேயே வருகிறது. வேறு சிலருக்கோ உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவதால் பள்ளிப் பருவத்திலோ பதின்பருவத்திலோ வருகிறது. இன்சுலின் சுரப்பு குன்றி வரும் முதல்வகை நீரிழிவும் இவர்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது? மந்தம், வறண்ட தோல், எடை கூடுதல், மலச்சிக்கல் ஆகிய தைராய்டு குறைபாட்டின் அடையாளங்களையே நாம் இக்குழந்தைகளின் இயல்பென்று எண்ணிவிடுகிறோம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது. இரத்தப் பரிசோதனையே சொல்லும். பிறந்தவுடன், ஆறாம் மாதம், ஓராண்டு நிறைவில், அதன்பின் ஆண்டுதோறும் அதைச் செய்ய வேண்டும். குறை தெரிந்தால் மருத்துவர் குறிக்கும் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். அம்மாத்திரை குரோமோசோமை மாற்றாது. ஆனால் குழந்தை இழந்த சுறுசுறுப்பை மீட்டுத்தரும்.

ஆம்பூர் மக்களுக்கு இம்மருத்துவம் எட்டாத தொலைவில் இல்லை. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணி, இன்று வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. 2013 முதல் நடைபெறும் தேசிய சிறார் நலத் திட்டம், அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அத்திட்டத்தின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் உண்டு. ஆனால் பள்ளியை விட்டு வீட்டிலேயே இருந்துவிட்ட பதின்பருவப் பிள்ளை இந்த வலையிலிருந்து எளிதில் நழுவிவிடுகிறது. சுரப்பி தளரக்கூடிய வயதும் அதுவே.

காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் தாய்க்கு ஒருநாள் விடுப்பு என்பது ஒருநாள் கூலி. ஆண்டுக்கு ஒருமுறை அப்பிள்ளையை அழைத்துச் செல்லும் பொறுப்பை நம் அன்பியத்துக் குடும்பம் ஒன்று ஏற்கலாகாதா? “இப்படித்தான்” என்று சொல்லுமுன், இந்த ஆண்டு பரிசோதனை ஆயிற்றா என்று கேட்போம்.