பிரௌன் பல்கலைக்கழகத்தின் திறந்த பாடத்திட்டம்: இரு முயற்சிகள்

அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் அமைந்துள்ள பிரௌன் பல்கலைக்கழகம், 1764இல் கல்லூரியாகத் தோன்றிய தனியார் ஆய்வு நிறுவனமாகும். இளநிலை மாணவர் தம் பாடங்களைத் தாமே தெரிவுசெய்யும் முறை அங்கு 1969இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் அதற்கொரு முன்னோடி முயற்சி 1850இலேயே உண்டு. அவ்வாண்டில் தலைவர் பிரான்சிஸ் வேலண்ட், அனைவர்க்கும் ஒரே பாடம் என்னும் மரபைத் தளர்த்தி, மாணவர் விருப்பத்திற்கு இடமளிக்குமாறு தம் அறிக்கையில் வலியுறுத்தினார். 1855இல் அவர் பதவி விலகினார். பட்டத்தின் தரம் தாழ்ந்தது என்ற கருத்து வலுப்பெற, அடுத்த தலைவர் பார்னஸ் சியர்ஸ் காலத்தில் பழைய முறை மீண்டது.

1960களின் பிற்பகுதியில் மறுமுயற்சி மாணவரிடமிருந்து எழுந்தது. ஐரா மகசினர், எலியட் மேக்ஸ்வெல் முதலிய மாணவர்கள் இளநிலைக் கல்வியை ஆராய்ந்து, 400 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையொன்றை உருவாக்கினர். நீண்ட விவாதத்திற்குப்பின் 1969 மே மாதத்தில் ஆசிரியர் அவை அதன் முதன்மைக் கூறுகளை ஏற்றது. பொதுக் கட்டாயப் பாடங்கள் நீங்கின. தோல்வியைச் சான்றில் பதியும் வழக்கமும் ஒழிந்தது. ஆயினும் ஒரு துறையில் ஆழ்ந்து பயிலும் கடப்பாடு தொடர்ந்தது.

முன்னது தலைவர் ஒருவரின் திட்டமாக நின்றமையால் அவருக்குப்பின் நிலைக்கவில்லை. பின்னது மாணவர் வகுத்து ஆசிரியர் ஏற்ற உடன்பாடாக அமைந்தமையால் வேரூன்றியது எனலாம்.