துணை ஆசிரியர் (இதழியல்)

துணை ஆசிரியர் என்பவர், செய்தியாளர்களும் செய்தி நிறுவனங்களும் அனுப்பும் செய்திகளைச் சரிபார்த்து, சுருக்கி, தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பும் ஆசிரியர் குழு உறுப்பினர். உதவி ஆசிரியர் என்றும் வழங்குவர். செய்தி ஆசிரியருக்கும் தலைமைத் துணை ஆசிரியருக்கும் கீழே பணியாற்றுவார்.

இதைப் பிழைதிருத்தும் வேலை என்று மட்டும் கருதுவது பொருந்தாது. தமிழ் நாளிதழ்களில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் எழுதுவதும் பெரும்பாலும் இவரே. 1904இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதியாருக்கும் மொழிபெயர்ப்பே முக்கிய வேலை. 1942இல் தினத்தந்தியைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் பேச்சுத் தமிழுக்கு நெருங்கிய எளிய நடையை வலியுறுத்தியபின், கடினச் சொல்லைக் களைவதும் துணை ஆசிரியரின் கடமையாயிற்று. சட்டப் பொறுப்பு இவற்றினும் கனமானது. ‘கொலையாளி கைது’ என வரும் தலைப்பு ‘கொலை வழக்கில் ஒருவர் கைது’ என மாறவேண்டும். தீர்ப்புக்கு முன் ஒருவரைக் குற்றவாளி என்பது அவதூறு வழக்குக்கு வழிவிடும். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைப் இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. பெயரை எடுத்துவிட்டு, தந்தையின் தொழிலையும் தெருவையும் விட்டுவைத்தால் ஊரே அறிந்துகொள்ளும்.

கணினி வந்தபின் இப்பதவி தேவையா என்று கேட்பதுண்டு. சந்திப்பிழையை மென்பொருள் பிடிக்கும், உண்மைதான். ஆனால் சிற்றூரில் எந்த விவரம் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவ்வட்டாரம் அறிந்தவருக்கே புலப்படும். செய்தியாளரின் எழுத்தை இவர் சிதைக்கிறார் என்ற குறைக்கும் அடிப்படை உண்டு; ஐயம் எழுந்தால் வெட்டுமுன் செய்தியாளரிடம் கேட்பதே அதற்கான நடைமுறை.